பிறவிக்குணமா, வளர்ப்பா: கேள்வி எங்கே தடம் புரள்கிறது?

1934-ல் நார்வேயின் ஆஸ்லோ நகரில் ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளுக்காக அஸ்பியோன் ஃபோலிங் என்ற மருத்துவரைத் தேடி வந்தார். பிறந்தபோது இரண்டு குழந்தைகளும் நன்றாகத்தான் இருந்தன. போகப் போக மூத்த பெண்ணின் பேச்சு சில சொற்களோடு நின்றுவிட்டது. இளையவனுக்கு நடக்கவே வரவில்லை. எவ்வளவு குளிப்பாட்டினாலும் பிள்ளைகளிடமிருந்து ஒரு பூஞ்சை வாடை. ஃபோலிங் வேதியியலும் கற்றவர். சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு சில சொட்டு விட்டுப் பார்த்தார். செம்பழுப்பாக இருக்க வேண்டிய கரைசல் கரும்பச்சையாக மாறியது. எந்தப் பொருள் அந்தப் பச்சையைத் தருகிறது என்று பிரித்தறிய அவருக்கு லிட்டர் கணக்கில் சிறுநீர் வேண்டியிருந்தது. அந்தத் தாய் சளைக்காமல் கொண்டுவந்து கொடுத்தார்.

அவர் கண்டுபிடித்த நோய்க்கு இன்று ஃபீனைல்கீட்டோனூரியா என்று பெயர்; சுருக்கமாக பி.கே.யு. பருப்பு, பால், முட்டை, மீன் என்று எந்தப் புரதத்தைச் சாப்பிட்டாலும் அதில் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்கும். மிஞ்சியதை கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி டைரோசினாக மாற்றிவிடும். அந்த நொதிக்கான மரபணு 12-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் பழுதான பிரதியே வந்து சேர்ந்தால் நொதி வேலை செய்யாது. வழக்கமாக லிட்டர் ரத்தத்துக்கு 120 மைக்ரோமோலுக்குள் இருக்க வேண்டிய ஃபீனைல்அலனின் 1,200-ஐயும் தாண்டும். வளரும் மூளையை அது கெடுத்துவிடும்.

இதைவிடச் சுத்தமான பரம்பரை நோய் கிடையாது. ஆனால் 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில் ஹோர்ஸ்ட் பிக்கலும் அவருடைய சகாக்களும் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றின் சாப்பாட்டை மாற்றினார்கள். பால் புரதத்தைச் சிதைத்து, கரித்தூள் வழியே வடித்து, ஃபீனைல்அலனினை நீக்கிய உணவு அது. நிற்கவோ நடக்கவோ முடியாமல், தலையை முட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்த குழந்தை சில மாதங்களில் தவழ்ந்தது, நாற்காலியைப் பிடித்து ஏறி நின்றது. வெளுத்திருந்த முடிகூடக் கறுக்கத் தொடங்கியது. உணவால்தான் இந்த மாற்றமா என்று உறுதிசெய்ய, தாய்க்குத் தெரியாமல் ஃபீனைல்அலனினைத் திரும்பக் கலந்தார்கள். கற்றதையெல்லாம் குழந்தை சில நாட்களிலேயே இழக்கத் தொடங்கியது. (இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி கொடுக்காது. அன்று கேட்க அப்படியொரு குழுவே இல்லை.)

இப்போது பழைய கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். அந்தக் குழந்தையின் மந்தம் பிறவியால் வந்ததா, வளர்ப்பால் வந்ததா? எல்லாரும் வழக்கமான சாப்பாடு சாப்பிடும் ஊரில், யாருக்கு நோய் வரும் என்பதை மரபணு மட்டுமே தீர்மானிக்கிறது. ஆகவே நூற்றுக்கு நூறு பரம்பரை. மரபணுப் பழுது உள்ளவர்கள் மட்டுமே வாழும் ஊர் ஒன்று இருந்து, அதில் பாதிப் பேருக்கு அந்தச் சிறப்பு உணவு கிடைத்தால், யாருக்கு நோய் என்பதைத் தட்டு மட்டுமே தீர்மானிக்கும். அப்போது நூற்றுக்கு நூறு சூழல். நோயும் அதே, உடலும் அதே. ஊர் மாறியதும் விடை தலைகீழாகிவிட்டது.

குழந்தை வளர்ச்சி பற்றிய வாதத்தில் பாதிக் குழப்பம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. 'எது எவ்வளவு' என்ற கேள்விக்கு ஒரு தனிக் குழந்தையை வைத்து விடை சொல்ல முடியாது. செவ்வகத்தின் பரப்பளவில் நீளத்தின் பங்கு எத்தனை சதவீதம், அகலத்தின் பங்கு எத்தனை என்று கேட்பது மாதிரி அது. எந்தக் காரணம் எந்த வயதில் எந்த வழியாக வேலை செய்கிறது என்று கேட்டால் விடை உண்டு. அந்த விடை வீட்டுக்கும் பயன்படும்.

வாதத்தின் ஊர்வழி

இரண்டு பக்கத்துக்கும் பழமொழி வைத்திருப்பவர்கள் நாம். பிறவிக்குணம் பொங்கலிட்டாலும் போகாது என்போம். அதே வாயால் தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்போம். பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கினால் நம் வளர்ப்பு, தோற்றால் அந்தப் பக்கத்து ரத்தம்.

மேற்கில் இதை எண்ணும் அட்டவணையுமாக மாற்றியவர் சார்லஸ் டார்வினின் உறவினர் ஃபிரான்சிஸ் கால்டன். பிரிட்டனின் புகழ்பெற்ற நீதிபதிகள், அறிஞர்களின் குடும்பங்களை ஆராய்ந்து, மேதைமை ரத்தத்தில் ஓடுகிறது என்று 1869-ல் எழுதினார். அந்தக் குடும்பங்களில் பணமும் பள்ளியும் சிபாரிசும்கூடத் தலைமுறை தலைமுறையாக ஓடின என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனித இனத்தைத் 'தேர்ந்தெடுத்து மேம்படுத்தும்' கொள்கைக்கு யூஜெனிக்ஸ் என்று பெயர் வைத்தவரும் அவரே. அதன் பேரில் பிறகு நடந்த கட்டாயக் கருத்தடைகளால் இந்தத் துறைக்கு ஏற்பட்ட கறை இன்னும் முழுதாகப் போகவில்லை. எதிர்முனையில் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன். ஒரு டஜன் ஆரோக்கியமான சிசுக்களைக் கொடுங்கள், எவனை வேண்டுமானாலும் மருத்துவராகவோ திருடனாகவோ ஆக்கிக் காட்டுகிறேன் என்று 1920-களில் சவால் விட்டார். தன் பேச்சு ஆதாரத்தைத் தாண்டிப் போகிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். சவால் மட்டும் மேற்கோளாக நிலைத்துவிட்டது.

அந்த சதவீதம் எப்படி வருகிறது

'புத்திசாலித்தனம் 60 சதவீதம் பரம்பரை' என்று செய்தியில் வரும் எண்ணுக்கு ஆங்கிலத்தில் ஹெரிட்டபிலிட்டி என்று பெயர். இங்கே மரபு எண் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் இரட்டையர்களை வைத்துத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். ஒரே கருமுட்டை பிரிந்து பிறந்த இரட்டையர்களுக்கு மரபணு கிட்டத்தட்ட முழுக்க ஒன்று. இரண்டு கருமுட்டையில் பிறந்தவர்கள் சாதாரண அண்ணன் தங்கை போலத்தான். ஆளுக்கு ஆள் மாறுபடும் மரபணுக்களில் சராசரியாகப் பாதி பொது. இரண்டு வகையினருமே ஒரே வீட்டில் வளர்பவர்கள். ஆக, முதல் வகையினர் கூடுதலாக ஒத்திருந்தால் அந்தக் கூடுதல் மரபணுவின் வேலை என்பது கணக்கின் அடிப்படை.

ஒரு மாதிரிக் கணக்கு. ஏதோ ஒரு தேர்வில் ஒரே கரு இரட்டையர்களின் மதிப்பெண் ஒப்புமை 0.8, இரு கரு இரட்டையர்களுடையது 0.5 என்று வைப்போம். வித்தியாசம் 0.3. இது மரபணுக்களில் பாதி வித்தியாசத்தால் மட்டும் வந்தது; முழுதுக்கும் கணக்கிட இரண்டால் பெருக்கினால் 0.6. இதுதான் மரபு எண். 0.8-ல் 0.6 போக மீதி 0.2 ஒரே வீட்டில் வளர்ந்ததால் வந்த ஒற்றுமை. ஒன்றுக்குக் குறையும் மிச்ச 0.2 தனித்தனி அனுபவம், தற்செயல், தேர்வு வைத்ததில் வந்த அளவைப் பிழை எல்லாம் சேர்ந்தது. 2015-ல் வெளிவந்த ஒரு பெருந்தொகுப்பு ஐம்பது ஆண்டு இரட்டையர் ஆய்வுகளைத் திரட்டியது: 2,748 ஆய்வுகள், 17,804 பண்புகள், ஏறத்தாழ 1.45 கோடி இரட்டையர் ஜோடிகள். சராசரி மரபு எண் 49 சதவீதம். பாதிக்குப் பாதி என்று பத்திரிகைகள் சமரசத் தீர்ப்பு எழுதின.

அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்று: குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட மக்களிடையே, ஆளுக்கு ஆள் தெரியும் *வேறுபாட்டில்* எவ்வளவு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து நகர்கிறது என்பது. உங்கள் மகனின் அறிவில் அறுபது பங்கு தாத்தா கொடுத்தது, நாற்பது பங்கு டியூஷன் கொடுத்தது என்று அதற்குப் பொருள் இல்லை. கையில் ஐந்து விரல் முளைப்பது முழுக்க மரபணுவின் கட்டளை. ஆனாலும் விரல் எண்ணிக்கையின் மரபு எண் மிகக் குறைவு. ஏனென்றால் விரல் குறைந்தவர்களில் பெரும்பாலோர் இயந்திரத்திலோ விபத்திலோ இழந்தவர்கள். மறுபக்கம், நூறு ஆண்டுக்கு முந்தைய கிராமம் ஒன்றில் சேலை கட்டுவோர் யார் என்று கணக்கெடுத்தால் அது குரோமோசோமோடு அப்படியே பொருந்தும். மரபு எண் உச்சத்தில் நிற்கும். சேலை கட்ட மரபணு எதுவும் கிடையாது என்பது கட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

எண் பெரிதாக இருந்தால் மாற்ற முடியாது என்று நினைப்பது அடுத்த வழுக்கல். கிட்டப்பார்வை இதற்கு நல்ல உதாரணம். இரட்டையர் ஆய்வுகளில் அதன் மரபு எண் பெரும்பாலும் உயரமாகவே வரும். ஆனால் கிழக்காசிய நகரங்களில் ஓரிரு தலைமுறைக்குள் கண்ணாடி போடாத மாணவரைத் தேட வேண்டிய நிலை வந்துவிட்டது. அதற்குள் மரபணு மாறியிருக்க வழியில்லை. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குப் பள்ளி நாள் ஒவ்வொன்றிலும் கூடுதலாக 40 நிமிடம் திறந்தவெளியில் இருக்க வைத்தார்கள். மூன்று ஆண்டு கழித்துப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் மற்றப் பாதியில் 39.5 சதவீதம், வெளியில் இருந்தவர்களில் 30.4. தைவான் நாளுக்கு 120 நிமிடத்தை இலக்காக வைத்துப் பள்ளித் திட்டமே கொண்டுவந்தது.

கணக்கிலும் ஓட்டைகள் உண்டு. படித்தவர் படித்தவரையே மணந்தால் இரு கருப் பிள்ளைகளும் பாதிக்கு மேல் ஒத்துப்போவார்கள். மரபு எண் குறைத்துக் காட்டும். ஒரே முகமாக இருக்கும் இரட்டையரை ஊரே ஒரே மாதிரி நடத்தினால் எண் கூடிக் காட்டும். தத்து ஆய்வுகளில் வேறொரு சிக்கல்: தத்தெடுக்க அனுமதி பெறும் வீடுகளில் பட்டினியும் அடி உதையும் அரிது. வீடுகளுக்குள் வித்தியாசம் குறைவாக இருந்தால் வீட்டின் தாக்கமும் குறைவாகவே பதிவாகும். அமெரிக்காவில் எரிக் டர்க்ஹைமர் குழுவினர் 2003-ல் ஏழு வயது இரட்டையர்களை வைத்துக் காட்டியது இதைத்தான். வசதியான குடும்பங்களில் அறிவுத் தேர்வு மதிப்பெண்ணின் மரபு எண் உயரமாக இருந்தது. வறிய குடும்பங்களில் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பின்னால் தேடியபோது இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை. அங்கே ஏழைப் பிள்ளைக்கும் மருத்துவமும் பள்ளியும் ஓரளவு கிடைப்பது காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

புக்கரெஸ்ட் தொட்டில்கள்

சூழல் அடியோடு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை யாரும் சோதனையாகச் செய்துபார்க்க முடியாது. ருமேனியாவில் அரசியல் அதைச் செய்தது. சர்வாதிகாரி செளசெஸ்கு 1966-ல் கருக்கலைப்பைத் தடை செய்தார். வளர்க்க வழியில்லாத பிள்ளைகள் அரசு இல்லங்களில் குவிந்தார்கள். 1989-ல் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் அங்கே இருந்தார்கள். சாப்பாடு, துணி, கட்டில் எல்லாம் இருந்தது. பத்துப் பன்னிரண்டு குழந்தைக்கு ஒரு பணியாள். அவரும் ஷிஃப்ட் முடிந்தால் போய்விடுவார். அழுதால் யாரும் வருவதில்லை என்பதால் குழந்தைகள் அழுவதை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே நுழைந்தவர்களைத் திடுக்கிட வைத்தது அந்த நிசப்தம்தான். தொட்டில் கம்பியைப் பிடித்தபடி பிள்ளைகள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்க ஆய்வாளர்கள் சார்லஸ் நெல்சன், சார்லஸ் ஜீனா, நேதன் ஃபாக்ஸ் ஆகியோர் 2000-ல் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஆறு மாதத்திலிருந்து இரண்டரை வயதுவரையான 136 குழந்தைகள். குலுக்கிப் போட்டுப் பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் வழக்கமான பராமரிப்பில் தொடர்ந்தார்கள். அவர்களுக்கு வீடு கிடைத்தால் போகத் தடையில்லை என்பது நிபந்தனை. குலுக்கலின் பயன் இங்கேதான். நல்ல குழந்தையாகப் பார்த்துத் தத்தெடுத்தார்கள், அதனால்தான் தேறியது என்று யாரும் சொல்ல முடியாது.

நாலரை வயதில் அறிவுத் திறன் சராசரி: இல்லத்தில் தொடர்ந்தவர்களுக்கு 73, வளர்ப்புக் குடும்பம் கிடைத்தவர்களுக்கு 81, எப்போதும் சொந்த வீட்டிலேயே வளர்ந்த அதே ஊர்ப் பிள்ளைகளுக்கு 109. எட்டுப் புள்ளி கூடியது உண்மை. இழந்ததெல்லாம் திரும்பவில்லை என்பதும் உண்மை. இரண்டு வயதுக்குள் வீடு சேர்ந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். எல்லாத் திறனும் ஒரே அளவில் மீளவுமில்லை. ஆட்டம் குறைந்தது, ஒட்டுறவு வளர்ந்தது. ஆனால் கவனச் சிதறலும் துறுதுறுப்பும் வீடு மாறியும் அவ்வளவாகக் குறையவில்லை. மூளையில் ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனிக் கடைசித் தேதி இருக்கிறது. எந்த ஜன்னல் எப்போது திறந்து எப்போது மூடும் என்ற கால அட்டவணை மரபணுவில் இருக்கிறது. திறந்திருக்கும் நேரத்தில் உள்ளே என்ன வருகிறது என்பது வீட்டில் இருக்கிறது.

பட்டும் பத்தும்

அந்த ஜன்னலை மிக நெருக்கத்தில் பார்க்க, நம் நாக்கே போதும். 'பட்டு', 'பத்து' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். ட-வுக்கு நாக்கு நுனி மேலண்ணத்தை நோக்கி மடங்கும். த-வுக்குப் பல்லைத் தொடும். ஆங்கிலம் மட்டுமே பேசும் பெரியவருக்கு இரண்டும் ஒரே ஒலி. கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-ல் இந்தியின் இதே ட, த வேறுபாட்டை ஆங்கில வீட்டுக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். அம்மா மடியில் குழந்தை. ஸ்பீக்கரில் ஒரே ஒலி திரும்பத் திரும்ப ஓடும். ஒலி மாறும் கணத்தில் தலையைத் திருப்பினால், இருட்டுப் பெட்டிக்குள் விளக்கு எரிந்து பொம்மை ஆடும். அம்மா தன்னையறியாமல் சைகை காட்டிவிடக் கூடாது என்று அவர் காதில் பாட்டு ஓடும் ஹெட்போன். ஆறிலிருந்து எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் இந்தியின் ட, த-வைச் சரியாகப் பிரித்தார்கள். பத்திலிருந்து பன்னிரண்டு மாதத்தில் ஒருசிலரால்தான் முடிந்தது. கற்பது என்றால் சேர்ப்பது என்று நினைக்கிறோம். ஒரு வயதுக்குள் குழந்தை செய்யும் பெரிய வேலை, தேவைப்படாததைக் கழிப்பது.

சியாட்டிலில் பேட்ரீசியா குல் குழுவினர் 2003-ல் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்: மூடப் போகும் ஜன்னலைத் திறந்து பிடிக்க முடியுமா? ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழிக்காரர்கள் உட்கார்ந்து பொம்மையும் புத்தகமுமாக விளையாடினார்கள். 25 நிமிடம் வீதம் 12 அமர்வு. அந்தக் குழந்தைகள் சீன ஒலி வேறுபாட்டைத் தக்கவைத்துக்கொண்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவியில் மட்டும் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் தங்கவில்லை. ஒலி காதில் விழுந்தால் போதாது. குழந்தை பார்க்கும் பொருளைப் பார்த்து, அது ஊம் கொட்டியதும் பதில் சொல்லும் ஆள் வேண்டும். குழந்தைக்கு இங்கிலீஷ் வரட்டும் என்று செல்போனில் ரைம்ஸ் ஓடவிடும் வீடுகளுக்கு இது கசப்பான செய்தி.

ஒரே அடம், இரண்டு பிள்ளைகள்

நடத்தைக்கு வருவோம். நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் தம்பதியர் 1956 முதல் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைச் சிசுப் பருவத்திலிருந்தே தொடர்ந்து கவனித்தார்கள். சுமார் 40 சதவீதம் எதற்கும் எளிதில் பழகும் குழந்தைகள். 15 சதவீதம் மெல்லப் பழகுபவர்கள். 10 சதவீதம் தூக்கம், பசி எதிலும் ஒழுங்கு வராத, சட்டென்று வெடிக்கும் குழந்தைகள். மற்றவர்கள் எந்த வகையிலும் அடங்கவில்லை. இந்தச் சுபாவ வேறுபாடு வளர்ப்பு தொடங்கும் முன்பே தெரிகிறது. ஆனால் பிற்காலச் சிக்கலை முன்கூட்டிச் சொன்னது சுபாவம் மட்டும் இல்லை. சுபாவத்துக்கும் வீட்டின் எதிர்பார்ப்புக்கும் இருந்த பொருத்தம். பத்துப் பொருத்தம் பார்க்கும் நமக்கு இந்த ஒரு பொருத்தம் பார்க்கத் தோன்றுவதில்லை.

அந்த உரசல் எப்படிப் பழக்கமாக உறைகிறது என்பதை அமெரிக்காவின் ஆரிகனில் உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் வீடுகளுக்குள்ளேயே உட்கார்ந்து நிமிடக் கணக்கில் பதிவு செய்தார். நம் வீட்டுச் சூழலில் அது இப்படி நடக்கும். சாப்பிட உட்கார்ந்த நாலு வயதுக் குழந்தை போன் கேட்கிறது. அம்மா இல்லை என்கிறார். சிணுங்கல். திட்டு. அலறல். மாமியார் எட்டிப் பார்க்கிறார், போன் கைக்கு வருகிறது, அலறல் நிற்கிறது. இந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு பேர் பாடம் கற்றிருக்கிறார்கள். அலறினால் கிடைக்கும் என்று குழந்தை கற்றது. கொடுத்தால் அமைதி என்று அம்மா கற்றார். பின்னதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை; ஆனால் சுழலை ஓட வைப்பது அதுதான்.

தினமும் கொடுக்காமல் நாலு நாளைக்கு ஒரு நாள் மட்டும் கொடுத்தால் பழக்கம் இன்னும் ஆழமாகப் பதியும். எப்போது விழும் என்று தெரியாத லாட்டரிச் சீட்டை யாரும் எளிதில் விடமாட்டார்கள். நிறுத்த முடிவு செய்தால் முதல் சில நாட்கள் அலறல் குறையாது, கூடும். அணையப் போகும் விளக்கு கடைசியில் பிரகாசமாக எரிவது போல. பெரும்பாலான வீடுகள் இந்த உச்சத்தில் தோற்று, போனை நீட்டிவிடுகின்றன. குழந்தை கற்பது: பழைய சத்தம் போதாது, இவ்வளவு சத்தம் வேண்டும். ஆகவே கடைசிவரை நிற்க முடியாது என்று தெரிந்தால், சாப்பாட்டு நேரத்தில் போன் கண்ணில் படாமல் வைப்பதே கெட்டிக்காரத்தனம். வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே பதில் சொல்ல வேண்டும். தாத்தா மட்டும் விதிவிலக்கு என்றால் லாட்டரி தொடரும்.

இதே வீட்டில் எளிதில் பழகும் குழந்தை இருந்திருந்தால் சிணுங்கலோடு விட்டிருக்கும். அம்மாவுக்கும் 'எனக்கு வளர்க்கத் தெரியும்' என்ற பெயர் கிடைத்திருக்கும். வெடிக்கும் சுபாவம் வீட்டிலிருந்து வெடிக்கும் பதிலை வரவழைக்கிறது; அந்தப் பதில் சுபாவத்தை வளர்க்கிறது. எங்கே மரபணு முடிந்து எங்கே வளர்ப்பு தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது.

வயது ஏற ஏற இது இன்னும் பின்னிக்கொள்கிறது. நான்கு நாடுகளில் 11,000 இரட்டையர் ஜோடிகளை வைத்த ஆய்வில் பொது அறிவுத் திறனின் மரபு எண் 9 வயதில் 41, 12 வயதில் 55, 17 வயதில் 66 சதவீதம். வீட்டில் கற்றது சேரச் சேர பரம்பரை குறைய வேண்டாமா? நடப்பது வேறு. சின்ன வயதில் சூழலைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கிறார்கள். வளர்ந்தபின் பிள்ளையே தேர்ந்தெடுக்கிறது: நண்பன், நூலகம், மைதானம், பொழுது. சிறு சாய்வு தனக்கேற்ற சூழலைத் தேடிப் பெருக்கிக்கொள்கிறது. ஐஸ்லாந்தில் 2018-ல் இதன் மறுபக்கம் தெரிந்தது. பெற்றோரிடம் இருந்து, ஆனால் பிள்ளைக்கு வந்து சேராத மரபணு வகைகளும் அந்தப் பிள்ளையின் படிப்பைப் பாதித்தன. வந்து சேர்ந்தவற்றின் தாக்கத்தில் ஏறக்குறைய 30 சதவீதம். பிள்ளையின் உடலிலேயே இல்லாத மரபணு அதை எப்படித் தொடும்? பெற்றோரின் நடத்தை வழியாக, அவர்கள் அமைக்கும் வீட்டின் வழியாக.

விற்பனைக்கு வரும் பிறவித் திறமை

இவ்வளவு சிக்கலை ஒரு ரிப்போர்ட்டில் அடக்கி விற்பவர்கள் உண்டு. டி.எம்.ஐ.டி என்ற பெயரில், குழந்தையின் பத்து விரல் ரேகையை ஸ்கேன் செய்து, பிறவித் திறமை இது, படிக்க வேண்டிய குரூப் இது என்று பல பள்ளிகளிலேயே கடை விரிக்கிறார்கள். இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் சொல்லியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ரேகை கருவின் மூன்றாம் மாதத்தை ஒட்டி உருவாகத் தொடங்குகிறது. கருப்பைக்குள் இருக்கும் நிலையும் அழுத்தமும் அதன் நுணுக்கங்களை மாற்றுகின்றன. அதனால்தான் மரபணு ஒன்றாக இருந்தும் ஒரே கரு இரட்டையர்களின் ரேகை ஒன்றாக இருப்பதில்லை. பிறவிக்குச் சாட்சி என்று அவர்கள் கூப்பிடும் ரேகையே சூழலுக்குச் சாட்சி சொல்கிறது.

எச்சில் எடுத்து மரபணுச் சோதனை என்றால் தேவலை என்று தோன்றும். 2003-ல் செரட்டோனின் தொடர்பான ஒரு மரபணு வகை, மன அழுத்தம் தரும் நிகழ்வுகளோடு சேர்ந்தால் மனச்சோர்வு தரும் என்று வந்த ஆய்வு பெரும் புகழ் பெற்றது. 2019-ல் லட்சக்கணக்கானோரின் தரவில், மனச்சோர்வுக்கு அதிகம் பேசப்பட்ட 18 மரபணுக்களைச் சோதித்தபோது, கண்ணை மூடிக்கொண்டு எடுத்த மரபணுக்களைவிட அவை மேலாக இல்லை. படிப்பு விஷயத்தில் 30 லட்சம் பேரை ஆராய்ந்து, பல மரபணு வகைகளின் சிறு சிறு தாக்கத்தைக் கூட்டி 2022-ல் வந்த மரபணு மதிப்பெண்கூட, ஐரோப்பிய வம்சாவளியினரிடையே 12 முதல் 16 சதவீத வேறுபாட்டைத்தான் விளக்கியது. பிற வம்சாவளியினருக்கு அதைப் பொருத்தினால் இன்னும் மங்கிவிடும்.

பணம் செலவழிக்க வேண்டிய சோதனை வேறு. அது குதிகால் ரத்தச் சோதனை. பி.கே.யு நம் ஊரில் அரிது. ஆனால் பிறவி தைராய்டு குறைபாடு இந்தியாவில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் வருகிறது. பிறவி என்றாலும் பெரும்பாலும் பரம்பரை இல்லை. சுரப்பி சரியாக உருவாகாததுதான் காரணம். இந்த இரண்டு சொல்லையும் ஒன்றாக்குவது வீட்டில் வீண் பழியைக் கிளப்பும். பிறந்து 48-லிருந்து 72 மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது. முதல் நாளிலேயே எடுத்தால் பிறந்தவுடன் இயல்பாக எகிறும் டி.எஸ்.எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பொய்யாகப் பயமுறுத்தும், பி.கே.யு என்றால், குழந்தை போதிய பால் குடிக்காததால் நோய் தப்பிவிடும். குத்த வேண்டியது குதிகாலின் பக்கவாட்டில், நடுவில் இல்லை. ஸ்பிரிட் காய வேண்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த சொட்டைச் சோதனைக்கான வடிதாள் அட்டையின் வட்டத்தில் ஒரே பக்கமாக விட வேண்டும். காலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்துவிடும். அட்டை வெயில் படாமல் மூன்று நான்கு மணி நேரம் கிடைமட்டமாகக் காய வேண்டும்.

குறைபாடு உறுதியானால் லிவோதைராக்சின் மாத்திரை. கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம், அதாவது 3 கிலோ குழந்தைக்கு நாளுக்கு 30 முதல் 45; அளவை மருத்துவர் முடிவு செய்வார். பொடித்து, சில சொட்டுத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கலந்து பாலாடைச் சங்கில் புகட்டலாம். பாட்டில் பாலில் கலந்தால் மிச்சம் விடும் பாலோடு மருந்தும் போகும். இரும்புச்சத்து, கால்சிய மருந்துகளை அதே நேரத்தில் கொடுத்தால் உறிஞ்சுவது குறையும். இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலவே பேசும், படிக்கும். மாதக்கணக்கில் தள்ளிப்போனால் இழந்த மூளை வளர்ச்சியை மாத்திரை மீட்காது.

பி.கே.யு கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. 1960-களில் ராபர்ட் கத்ரி உருவாக்கிய ரத்தப்பொட்டுச் சோதனையால் காப்பாற்றப்பட்ட குழந்தைகளுக்கு, மூளை வளர்ந்துவிட்டது என்று பள்ளிப் பருவத்திலேயே பத்தியத்தை நிறுத்தினார்கள். அந்தப் பெண் குழந்தைகள் நல்லபடியாக வளர்ந்து, மணமாகி, கருவுற்றார்கள். பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு பி.கே.யு இல்லை, அப்பாவிடமிருந்து நல்ல பிரதி வந்திருந்தது. ஆனால் தாயின் ரத்தத்தில் தேங்கிய ஃபீனைல்அலனின் நஞ்சுக்கொடியைத் தாண்டி, தாயிடம் இருப்பதைவிட ஒன்றரை மடங்காகக் கருவில் சேர்ந்திருந்தது. 1980-ல் வந்த தொகுப்பின்படி, அளவு மிக உயர்ந்திருந்த தாய்மார்களின் குழந்தைகளில் 92 சதவீதம் பேருக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு, 73 சதவீதம் பேருக்குச் சிறுத்த தலை, 12 சதவீதம் பேருக்கு இதயக் கோளாறு. மரபணு தாயுடையது, குழந்தைக்கு வந்து சேர்ந்தது அது உண்டாக்கிய சூழல். அதனால் இப்போது பத்தியம் ஆயுள் முழுக்க. கருத்தரிக்க நினைக்கும் பெண், அதற்கு முன்பே ஃபீனைல்அலனின் அளவை லிட்டருக்கு 120 முதல் 360 மைக்ரோமோலுக்குள் கொண்டுவந்து, பேறுகாலம் முடியும்வரை அடிக்கடி ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.